'திரும்பும் நேரம்' என்ற கட்டம்

மோகனப்பிரியாவும் நானும் சிதம்பரத்தில் ஒரே வகுப்பில் படித்தோம். என்ன படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பதில் சொன்னதும் அடுத்த கேள்வி எல்லோரிடமிருந்தும் ஒரே மாதிரி வரும்: "இதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" வெளிப்புறத் தலைமையும் சாகசக் கல்வியும் என்று அந்த ஒரு வருட டிப்ளமோவுக்குப் பெயர். பாறை ஏறுவது, படகு வலிப்பது, கூடாரம் போடுவது, முதலுதவி செய்வது, வரைபடத்தை வைத்து வழி கண்டுபிடிப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் பாடத்தின் சாரம் ஒன்றுதான். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போனால் பத்துப் பேரையும் முழுசாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான அண்ணாகிராமத்தில் என் அப்பாவிடம் இதை விளக்கியபோது அவர் முந்திரிப் பழத்திலிருந்து கொட்டையைத் திருகிப் போட்டுக்கொண்டே, "ஊர் சுத்தறதுக்கு ஃபீஸ் வேற கட்டணுமா?" என்று கேட்டார்.

நான் ஒன்றும் லட்சியத்தோடு சேர்ந்தவன் இல்லை. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, உடற்கல்வி ஆசிரியர் படிப்புக்கு இடம் கிடைக்காமல், ஏதோ ஒரு சான்றிதழ் கையில் இருக்கட்டும் என்று 2009இல் வந்து சேர்ந்தேன். வகுப்பில் பதினேழு பேர். அதில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். இதற்காகவே வந்து சேர்ந்தவள் என்று பார்த்தால் மோகனப்பிரியா ஒருத்திதான்.

அவள் கடலூருக்குப் பக்கத்தில் தாழங்குடாவைச் சேர்ந்தவள். மீன்பிடிக்கிற குடும்பம். அப்பா சின்னதம்பி கடலுக்குப் போவார், அம்மா பூவம்மாள் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு போய்த் தெருத்தெருவாக விற்பார். சுனாமிக்குப் பிறகு அந்தக் குப்பத்துக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடத்தியதாம். கயிற்றில் தொங்குவது, கூட்டாகப் படகு வலிப்பது என்று ஒரு வாரம் நடந்த அந்த முகாமை நடத்தியவர் ஒரு பெண். "பொம்பள ஒருத்தி விசில் ஊதறா, நாப்பது பேரு அப்படியே நிக்கறாங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டன்" என்றாள் என்னிடம். தினமும் கடலூரிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவாள். ஒரு நாளும் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் விரிவுரையாளர் ஞானசேகரன் சார் முதல் வாரம் கயிறு முடிச்சுகள் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் எல்லாம் நாக்கைத் துருத்திக்கொண்டு கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மோகனா பக்கத்தில் இருப்பவளிடம் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் முடிச்சைப் போட்டு சாரிடம் நீட்டினாள். சார் அதை அவிழ்க்க இரண்டு நிமிஷம் பாடுபட்டார். ஆனால் செஞ்சியில் பாறை ஏறப் போனபோது பத்தடி உயரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். எனக்கு அது நேர்மாறு. பாறையில் குரங்கு மாதிரி ஏறுவேன், முழங்கால் அளவு தண்ணீரைப் பார்த்தாலே கரைக்கு ஓடிவிடுவேன். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. மலையில் நான் அவளுக்கு முன்னால் ஏறி ஒவ்வொரு பிடியாகக் காட்டுவேன். தண்ணீரில் அவள் என் லைஃப் ஜாக்கெட்டின் காலரைப் பிடித்துக்கொண்டு, "காலை ஒதறாத அன்பு, நீ ஒண்ணும் மாவு கரைக்கல" என்று திட்டுவாள். மூன்றாவது முறை அவள் செஞ்சிப் பாறை உச்சியைத் தொட்டாள். நானும் நீந்தக் கற்றுக்கொண்டேன், என் அப்பா இன்னும் நம்பவில்லை.

இந்தப் படிப்பில் எனக்குப் பிடிக்காத ஒன்று பயணத் தாள். எங்கே போனாலும், கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் வயல்வெளிக்கு வரைபடம் எடுத்துக்கொண்டு போனாலும் சரி, தலைமை ஏற்கிறவர் ஒரு தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கரையில் நிற்கிற பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். எத்தனை பேர், எந்த வழி, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம். எழுதிய நேரம் தாண்டி அரை மணி நேரத்துக்குள் குழு வரவில்லை என்றால் பொறுப்பாளர் யாரையும் கேட்கக் கூடாது, யோசிக்கவும் கூடாது, தேட ஆள் அனுப்ப வேண்டும். ஞானசேகரன் சார் இதை வேதம் மாதிரி சொல்வார்.

மோகனா எல்லாக் கட்டங்களையும் முத்து முத்தாக நிரப்புவாள். 'திரும்பும் நேரம்' என்ற கட்டத்தை மட்டும் வெற்றாக விட்டுவிடுவாள்.

முதல் தடவை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை கேட்டேன்.

"எங்க வூட்டுல சொல்ல மாட்டோம் அன்பு. அப்பா கடலுக்குப் போறப்ப எங்க போறன்னு கேக்க மாட்டோம், எப்ப வருவன்னும் கேக்க மாட்டோம். பின்னாலேந்து கூப்புடவும் மாட்டோம். கேட்டா ஆவாது."

"அது கடலுக்கு. இது வயக்காடு. அதுக்குமா?"

"விடு, கை வரமாட்டங்குது" என்று சிரித்தாள்.

கடல்புறத்து வழக்கம், நமக்கு ஏன் வம்பு என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மட்டும் என்ன குறைச்சல், பூனை குறுக்கே போனால் என் அப்பா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். அன்றைக்கு அந்தக் கட்டத்தில் ஒரு நேரத்தை நானே எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அவள் கையெழுத்துப் போட்டுத் தாளை என்னிடம் கொடுப்பாள், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் பாடத்திட்ட அட்டவணையைப் பார்த்து நேரத்தைப் போட்டுப் பொறுப்பாளரிடம் சேர்ப்பேன். வருஷம் முழுக்க இப்படியே ஓடியது. அவளுக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டாள். பெரிய உபகாரம் செய்கிறவன் மாதிரி எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

2010 மார்ச்சில் இறுதிச் செய்முறைத் தேர்வு. ஒவ்வொருவரும் தனியாக ஒரு குழுவைக் கூட்டிப்போய்த் திரும்ப வேண்டும். எனக்குச் செஞ்சியில் முடிந்து நான் தேறியிருந்தேன். மோகனாவுக்குப் பிச்சாவரம். வேறு கல்லூரியிலிருந்து வந்த எட்டு மாணவிகளை நான்கு துடுப்புப் படகுகளில் ஏற்றி, தான் ஐந்தாவது படகில், சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்கள் வழியே கடலோர மணல் திட்டு வரை போய்த் திரும்பவேண்டும். இதில் தேறினால் அவளுக்கு ஏலகிரியில் ஒரு சாகச முகாமில் வேலை. முகாம்காரர்கள் எங்கள் வகுப்பில் ஒருவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள், அது மோகனாதான் என்று பியூன் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். தேறவில்லை என்றால் வீட்டில் கல்யாணம். பூவம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: "ஒரு வருசம் கேட்ட, குடுத்தாச்சு. வேல கெடச்சா போ. கெடைக்கலன்னா நான் சொல்ற புள்ளையக் கட்டிக்கோ."

கரைப் பொறுப்பாளர் யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். என் பெயர் வந்தது.

மதியம் ஒரு மணிக்கு மோகனா எட்டுப் பேருக்கும் லைஃப் ஜாக்கெட் வார்களை இழுத்து இழுத்துப் பார்த்தாள், தலையை எண்ணினாள், தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தாள். அவள் படகு முதல் திருப்பத்தில் மறைந்ததும் பார்த்தேன். கட்டம் காலி. தேர்வு அட்டவணையில் சுமார் மூன்றரை மணி நேரம் என்றிருந்தது. கணக்குப் போட்டு 4.30 என்று எழுதினேன். சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ராஜமாணிக்கம் ஐயா அந்த நேரம் ஞானசேகரன் சாரோடு டீக்கடையில் இருந்தார். யாரும் பார்க்கவில்லை.

முந்திரிக்காட்டுக்காரனுக்குத் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் என்ன தெரியும்? அன்றைக்கு மூன்று மணிக்கெல்லாம் வாய்க்கால்களில் தண்ணீர் வற்றிவிடும், ஒரு குறுகலான இடத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், மறுபடி தண்ணீர் ஏறும்வரை காத்திருந்து ஐந்தரைக்குத்தான் திரும்ப முடியும் என்பது மோகனாவுக்குக் கிளம்பும்போதே தெரிந்திருக்கிறது. அவள் மனசில் ஐந்தரை. தாளில் நாலரை.

நாலரை ஆனது. வாய்க்கால் வாயில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து ஆனது. விதிப்படி அந்த நிமிஷம் நான் ஓடிப்போய் மோட்டார் படகை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் குழு தாமதம் என்று பதிவாகும், அவள் தேறமாட்டாள். அந்த நாலரையே நான் சும்மா போட்டதுதானே, அவளுக்குத் தண்ணீர் தெரியாதா, வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தே கால் ஆனது. நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்? மாட்டாள், மோகனா மாட்டாள். கால் மாற்றிக் கால் நின்றேன். ஐந்து இருபதுக்கு ஞானசேகரன் சார் டீக்கடையிலிருந்து இறங்கி வந்து, "அன்பரசு, தாள எடு" என்றார். பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். அடுத்த நொடி மோட்டார் படகு சத்தம் போட்டுக்கொண்டு கிளம்பியது.

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் ஐந்து படகுகளும் வரிசை கலையாமல் வந்தன. மாணவிகள் நிழலில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு தண்ணீர் ஏறக் காத்திருந்தார்களாம், ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. மோகனா கடைசியாகக் கரையேறினாள். ராஜமாணிக்கம் ஐயா அவளிடம் தாளை நீட்டினார்.

"நாலரைன்னு எழுதியிருக்கீங்க. இப்ப அஞ்சு முப்பத்தஞ்சு. தண்ணி வத்தறது தெரியாம கிளம்பினீங்களா?"

அவள் தாளைப் பார்த்தாள். என் எழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இந்த நேரத்த நீங்கதான் எழுதினீங்களா?" எழுத்து வேறு மாதிரி இருப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"கீழ என் கையெழுத்து இருக்குது சார். அதுக்கு மேல இருக்கறது எல்லாம் என்னுதுதான்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை, அவ்வளவுதான். அலாரம் கொடுக்கத் தாமதித்ததற்காக எனக்கு ஐந்து மதிப்பெண் குறைத்தார்கள். அவளுக்கு ஒரு வருஷத்தைக் குறைத்தார்கள்.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது ஏழு மணி. நான் பண்ருட்டி பஸ்ஸுக்கு, அவள் கடலூர் பஸ்ஸுக்கு. அவள் இரண்டு கடலூர் பஸ்ஸை விட்டுவிட்டு என்னைத் திட்டினாள்.

"மன்னிச்சுக்கோ மோகனா, நான் அந்த நாலரைய எழுதியிருக்கக் கூடாது" என்றுதான் ஆரம்பித்தேன்.

"அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. வருசம் பூரா எழுதன, நானும் எழுத வுட்டன். வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டது என் தப்பு. நாலரைன்னு போட்டியே, அஞ்சு மணிக்கு ஏன் படகு அனுப்பல?"

"அனுப்பினா நீ ஃபெயில் ஆயிடுவன்னுதான்..."

"உள்ள ஒம்போது பேரு இருந்தோம் அன்பு! நெசமாவே படகு கவுந்து ஒரு பொண்ணு தண்ணியில கெடந்திருந்தா? இருவது நிமிசம் நின்னு வேடிக்கை பாத்திருக்க. ஒம்போது பேர விட என் பாஸு உனக்கு ஜாஸ்தியா? இந்த ஒரு வருசம் நீ என்னா படிச்ச?"

பக்கத்தில் பூ விற்கிற அம்மாவும் கண்டக்டரும் எங்களையே பார்த்தார்கள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. "நீ ஒரு நேரத்த எழுதியிருந்தா இவ்ளோ வம்பே இல்ல, இந்தக் காலத்துல போயி இந்த வழக்கத்தப் புடிச்சிக்கினு..." என்று முணுமுணுத்தேன். ஜெயிக்க முடியாதவன் கடைசியில் சொல்கிற பேச்சு அது.

அவள் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வழக்கம் எல்லாருக்கும் இருக்குது. எங்க குப்பத்துலயே காலேஜ் போறவங்க இதெல்லாம் பாக்கறது இல்ல. எனக்கு ஒரு தம்பி இருந்தான், ஆகாஷ். ரெண்டாவது படிச்சான். அன்னிக்கு ஞாயித்துக்கெழம. பந்து எடுத்துக்கினு கரைக்கு ஓடனான். நான்தான் அவனப் புடிச்சி நிறுத்தி, ஒம்போது மணிக்குள்ள வந்துடு, இட்லி ஆறிடும்னு சொல்லி அனுப்பனேன். எட்டரைக்குத் தண்ணி வந்துடுச்சி." பை வாரில் ஒரு முடிச்சைப் போட்டு அவிழ்த்தாள். "அப்பா அன்னிக்கு நடுக்கடல்ல இருந்தாரு. அவருக்கு ஒண்ணும் ஆவல. அவருகிட்ட யாரும் மணி சொல்லல, கேக்கல. அம்மா அதுலேந்து யாருக்கும் மணியே சொல்றது இல்ல. சோத்துக்குக் கூட கூப்புட மாட்டாங்க, போட்டு மூடி வெச்சிடுவாங்க. எனக்கும், யாரையாச்சும் கூட்டிக்கினு போறப்ப அந்தக் கட்டத்தப் பாத்தா கை வரமாட்டங்குது."

மூன்றாவது பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். ஒரு வருஷமாக அந்தக் கட்டத்தில் நான் எத்தனை தடவை சர்வ சாதாரணமாக எண்களைக் கிறுக்கியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஞானசேகரன் சாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நேத்தே சொல்லியிருந்தாலும் அவ ஃபெயில்தான்யா. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்த தலைவிக்கு எப்படி மார்க் போடறது? ஆனா நீ சொல்லியிருந்தா, அந்தப் பொண்ணு அங்க தனியா நின்னிருக்க வேணாம்." அதோடு என்னை அனுப்பிவிட்டார்.

ஏலகிரி வேலை எனக்குத்தான் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் நல்லவனாகவும் இல்லை, வசதியானவனாகவும் இல்லை. போனேன். மோகனா கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில் ஒரு செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டினாள். மறுதேர்வு எழுத ஒரு வாய்ப்புத்தான் உண்டு. பூவம்மாளிடம் எப்படியோ அழுது கெஞ்சி அந்த வாய்ப்பு வரைக்கும் தவணை வாங்கியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுக் காத்திருந்தார்கள். நான் அவ்வப்போது போன் செய்வேன். "தண்ணி கணக்கெல்லாம் தெரியும் அன்பு. அந்தக் கட்டந்தான்" என்பாள். வீட்டில் பேப்பரை வைத்து எழுதிப் பார்ப்பாளாம். வெறும் பேப்பரில் வருமாம். எதிரே எட்டு முகங்கள் நிற்கும்போது வருமா என்று அவளுக்கே தெரியவில்லை.

2011 மார்ச்சில் முகாமில் லீவு போட்டுவிட்டு நான் பிச்சாவரத்துக்கு வந்தேன். கரைப் பொறுப்பாளர் சுவேதா என்ற அந்த வருஷத்து மாணவி. நான் தள்ளியே நின்றேன். மோகனா எட்டுப் பேரின் வார்களையும் இழுத்துப் பார்த்தாள், தலையை எண்ணினாள், தாளை வாங்கினாள். பேனா மற்றக் கட்டங்களில் வேகமாக ஓடியது. பிறகு நின்றுவிட்டது. படகில் உட்கார்ந்திருந்த பெண்களை ஒருமுறை பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். ராஜமாணிக்கம் ஐயா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஓடிப்போய்ப் பேனாவைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. கைகளைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன்.

அவள் எழுதினாள். சுவேதாவிடம் தாளைக் கொடுத்துவிட்டு, "இந்த நேரம் தாண்டி அர மணி ஆச்சின்னா, எனக்காவப் பாக்காத, படகு அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டிப் பார்த்தேன். 4.15.

படகுகள் மறைந்த பிறகு டீ குடிக்கத் திரும்பினேன். டிக்கெட் கொடுக்கிற கட்டடத்துக்குப் பின்னால், ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பூவம்மாள் உட்கார்ந்திருந்தார். மோகனாவுக்குத் தெரியாமல் வந்திருக்கிறார். கிளம்புகிற நேரத்தில் எதிரே வந்துவிடக் கூடாது என்று அங்கே ஒதுங்கியிருக்கிறார்.

"அம்மா, நீங்களா? பயப்படாதீங்க, அவ நேரத்த எழுதிட்டா. சரியா..."

"சொல்லாதப்பா" என்று கையைக் காட்டித் தடுத்தார். "என் காதுல போட்டுடாத."

பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்றார். கரையில் இருக்கிற கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. வாய்க்கால் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் மூன்று, மூன்றரை, நாலு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்காவது எதுவரை எண்ண வேண்டும் என்று தெரியும். அந்த அம்மாவுக்கு அதுகூட இல்லை.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு முதல் படகின் மூக்கு தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதாக மோகனா. கரையேறும்போது கடிகாரத்தில் 4.14. ராஜமாணிக்கம் ஐயா தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையெழுத்துத்தான் அவளை ஏலகிரிக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு அங்கே படகுப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. என் பயணத் தாளை வாங்கி, நேரம் சரியா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் என்னை விடுகிறாள்.

அன்றைக்கு அவள் லைஃப் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. திரும்பிப் பார்த்தவள் அம்மாவைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"எப்பம்மா வந்த?"

"காலையில மொத பஸ்ஸுக்கு."

"காலையிலயா? விடிஞ்சதுலேந்து வெயில்ல ஒக்காந்திருக்கியா? சாய்ங்காலமா வந்திருந்தா போதாதா?"

பூவம்மாள் கூடையிலிருந்து சோற்றுப் பாத்திரத்தை எடுத்தபடி சொன்னார்:

"நீ எத்தினி மணிக்கு வருவன்னு நான் யாரப் போயி கேக்கறது?"